கழுத்துக்குக் கீழே

சிவகாசியில் ஒரு அச்சகத்தின் மாடியில் ராஜகனியின் அறை இருந்தது. கீழே காலண்டர் அச்சு ஓடும். அந்த ஓட்டம் தரை வழியாக ஏறி, மேலே உட்கார்ந்திருப்பவர்களின் பாதத்தில் தூக்கம் போலப் பரவும். வெட்டி மிஞ்சிய காகிதத் துண்டுகளை அச்சகக்காரர் மூட்டை மூட்டையாக மாடிக்கு அனுப்பிவிடுவார். மூட்டையைப் பிரித்தால் ஒரு மயில் கழுத்து, அரைத் தாமரை, லட்சுமியின் ஒரு உள்ளங்கை, எந்த மாதமென்று தெரியாத ஒரு ஞாயிற்றுக்கிழமை என்று கொட்டும். மத்தியானக் காற்று உள்ளே வந்தால் அறை முழுக்க கலர் கலராகப் பறக்கும். யாரும் விரட்டிப் பிடிக்க மாட்டார்கள். அதுவாக வந்து எங்காவது உட்காரும்.

அந்தத் துண்டுகளை வைத்து அங்கே பெண்கள் ஒட்டுப் புத்தகம் செய்தார்கள். மார்பில் புற்றுநோய் வந்து மீண்டவர்களும், இன்னும் மருந்தில் இருப்பவர்களும் தங்கள் போட்டோவையும் நாலு வரியையும் தருவார்கள். அதை ஒட்டி, ஓரம் அலங்கரித்து, திருவிழாக் கடைகளிலும் பள்ளிக்கூட ஆண்டு விழாக்களிலும் விற்பார்கள். வாங்குகிறவர்களுக்கு வியாதியைப் பற்றித் தெரியவரும். விற்ற காசில் இன்னொருத்தி சிகிச்சைக்கு மதுரை போய் வருவாள். ஏற்பாடு இவ்வளவுதான்.

ராஜகனிக்கு முப்பத்திரண்டு வயது. இருபத்தொன்பதில் அவளுடைய இடது மார்பை எடுத்துவிட்டார்கள். இதை அவள் வீட்டு விலாசம் சொல்வது மாதிரி சொல்வாள். எந்தப் பள்ளிக்கூடத்திலும் அவள் பாடம் நடத்தியதில்லை. ஆனாலும் வருகிறவர்கள் எல்லோரும் டீச்சர் என்றார்கள். கேட்டதற்கு நேராகப் பதில் சொல்லாமல் கையில் ஒரு வேலையைக் கொடுக்கிறவளை வேறு எப்படித்தான் கூப்பிடுவது?

அவளிடம் கற்றுக்கொள்ள வந்தவர்களில் மூத்தவள் தங்கபுஷ்பம். வயது ஐம்பத்தெட்டு. ஊரில் பாதிப் பேருக்கு ஜாக்கெட் தைத்தவள். ஆபரேஷனுக்குப் பிறகு ராஜகனிக்கு ஒரு பக்கம் பஞ்சு வைத்து, வெளியே தெரியாமல் தைத்துக் கொடுத்ததும் அவள்தான். அன்று அளவு எடுத்த கையால் இன்று கும்பிட்டுக்கொண்டு வந்து நின்றாள்.

"எனக்கும் சொல்லிக் குடுங்க டீச்சர்."

"என்னக்கா திடீர்னு?"

"நாலு பேருக்கு நல்லது செய்யலாம்னுதான்."

அது பாதி உண்மை. மீதி இது. நாற்பது நாளைக்கு முன்னால் குளிக்கும்போது அவளுடைய இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டது. சுண்டைக்காய் அளவு. அளவு விஷயத்தில் அவள் கை தப்புச் சொல்லாது. புருஷனிடம் சொல்லவில்லை. மகளிடம் சொல்லவில்லை. டாக்டரிடம் போகவில்லை. மாரியம்மனிடம் மட்டும் சொன்னாள். பதினொரு ஒட்டுப் புத்தகம் செய்து தருகிறேன், பதினொன்றாவது முடியும்போது இது கரைந்திருக்க வேண்டும் என்று நேர்ந்துகொண்டாள். பயந்த மனசு எதை வைத்து வேண்டுமானாலும் பேரம் பேசும். பாவம், அவள் ஒன்றும் முட்டாள் இல்லை.

சேர்ந்த அன்று ராஜகனி அவளை ஒரு போட்டோ எடுத்தாள். புத்தகம் செய்தவரின் படத்தைக் கடைசிப் பக்கத்தில் ஒட்டுவது அங்கே பழக்கம்.

பதினெட்டு நாளில் தங்கபுஷ்பத்தின் முதல் புத்தகம் முடிந்தது. அழகாகத்தான் இருந்தது. தையல்காரி கத்தரி அல்லவா, ஒரு ஓரத்திலும் பிசிறில்லை. பதினான்கு பெண்கள், பதினான்கு வட்ட முகங்கள், சுற்றிலும் மயிலும் தாமரையும். ராஜகனி மெல்லப் புரட்டினாள். முகங்கள் குளத்தில் மிதந்து வருவது மாதிரி ஒவ்வொன்றாக வந்து சிரித்துவிட்டுப் போயின.

"இவங்களுக்கெல்லாம் என்னக்கா வியாதி?"

தங்கபுஷ்பம் திகைத்தாள். "உங்களுக்குத் தெரியாததா டீச்சர்?"

"எனக்குத் தெரியும். புத்தகத்துக்குத் தெரியலையே."

"முதல் பக்கத்துலயே எழுதியிருக்கேன். 'அந்த நோயை வென்றவர்கள்'னு."

"எந்த நோயை?"

தங்கபுஷ்பம் புத்தகத்தின் ஓரத்தை நகத்தால் நீவினாள்.

"எல்லாரையும் கழுத்தோட வெட்டிட்டீகளே அக்கா."

"கடையில விரிச்சு வச்சிருப்பாக. ஆம்பளைகளும் வாங்குவாக. அங்கன கண்ணு போகக் கூடாதுல்ல? சேலையோடதான் இருக்காக, இருந்தாலும் எதுக்குன்னு..."

"முப்பது வருசமா ஜாக்கெட் தைக்கிறீக. உங்களுக்கே கூச்சமா?"

"ஜாக்கெட்டு மறைக்கிற சாமான் டீச்சர்."

ராஜகனி சிரித்துவிட்டாள். நல்ல பதில்தான், அவளால் மறுக்க முடியவில்லை.

"வெட்டின மிச்சம் எங்க?"

தையல்காரி எந்தத் துண்டையும் எறிய மாட்டாள். மஞ்சள் பையில் பத்திரமாக வைத்திருந்தாள். ராஜகனி அதைத் தரையில் கவிழ்த்து, வெள்ளைத் தாள்களை எடுத்துக்கொண்டு, பசை தொட்டு ஒட்ட ஆரம்பித்தாள்.

தலையில்லாத பெண்கள் வரிசையாக வந்தார்கள். ஒருத்தி குடையை நெஞ்சோடு அணைத்திருந்தாள். ஒருத்தியின் இடுப்பில் பிள்ளை, பிள்ளையின் கன்னம் சேலையில் அழுந்தியிருந்தது. ஒருத்தி கையில் ஆஸ்பத்திரிச் சீட்டு. கீழே இயந்திரம் ஓடிக்கொண்டேயிருந்தது. வெயில் ஜன்னலிலிருந்து இறங்கித் தரையில் நகர்ந்து, ஒவ்வொருத்தியாகத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. எங்கிருந்தோ பறந்து வந்த ஒரு துண்டு வானம் குடைக்காரியின் தோளில் உட்கார்ந்தது. ராஜகனி அதை எடுக்காமல் அப்படியே ஒட்டினாள். எவ்வளவு நேரம் அப்படிப் போனதென்று பிறகு கேட்டாலும் இருவராலும் சொல்லியிருக்க முடியாது.

ராஜகனி ஒரு துண்டைக் காட்டினாள். "இது யாரு?"

தங்கபுஷ்பம் குனிந்தாள். "மாரிக்கனி. கை முட்டி வரைக்கும் வேணும்னு அடம் பிடிச்சவ."

"இது?"

"சந்திரமதி அக்கா. வலது பக்கம். நாந்தான் பஞ்சு வச்சுத் தச்சேன். போட்டுப் பாத்துட்டு முதல்ல அழுதாக. பெறகு கண்ணாடியப் பாத்துச் சிரிச்சாக."

"இது?"

"தெரசா. பஞ்சே வேண்டாம்னுட்டா. இருக்கிறபடி தைங்க, யாருக்கு என்னன்னு கேட்டா. அன்னைக்கு அவமேல எனக்குக் கோவம். இப்ப இல்ல."

முகமே இல்லாமல் பதினான்கு பேரையும் அவள் சொல்லிவிட்டாள். யாருக்கு எந்தப் பக்கம், யார் எப்போது அழுதாள், யார் அளவு கொடுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டாள் என்பது வரைக்கும் சொன்னாள். சொல்லச் சொல்லக் குரல் இளகியது. இத்தனை பேரைச் சுமந்துகொண்டுதான் இத்தனை நாளும் மிஷின் மிதித்தோம் என்பது அவளுக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இன்னும் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. ராஜகனி அதைத் தனித் தாளில் வைத்தாள்.

"இது யாரு?"

சாம்பல் நிற ஜாக்கெட். தோள்பட்டை வெளுத்திருந்தது. தங்கபுஷ்பம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாள்.

"நான் தச்சதுதான். ஆளு யாருன்னு பிடிபடலையே டீச்சர்."

"மத்தவங்க கை குடையில இருக்கு, பிள்ளை மேல இருக்கு. இதுல கை எங்க இருக்குன்னு பாருங்க."

கை சேலைத் தலைப்புக்குள் போயிருந்தது. இடது மார்பை அழுத்திப் பிடித்திருந்தது.

அப்போதுதான் தங்கபுஷ்பத்துக்குத் தன்னை அடையாளம் தெரிந்தது. கடைசிப் பக்கத்துக்காகத் தன் படத்தையும் அவள் கழுத்தோடு வெட்டியிருந்தாள். வெட்டும்போது கீழ்ப்பாதியைப் பார்க்கவேயில்லை.

"எப்பப் பாத்தீக?" என்றாள்.

"போட்டோ எடுத்த அன்னைக்கே. நீங்களாச் சொல்லுவீகன்னு இருந்தேன். இத்தனை நாளு சும்மா இருந்தது என் தப்புக்கா."

தங்கபுஷ்பம் அழுதாள். கட்டியைச் சொன்னாள், நேர்ச்சையைச் சொன்னாள், ராத்திரி தூக்கமில்லாததைச் சொன்னாள். "பயமா இருக்கு டீச்சர். போனா அதுதான்னு சொல்லிருவாக. போகாத வரைக்கும் அது இல்லன்னு நெனச்சுக்கலாம்ல."

"எல்லாக் கட்டியும் அது இல்லக்கா. பாத்தாத்தான் தெரியும்."

"நீங்க தெரிஞ்ச உடனே போனீகளா?"

"ஏழு மாசம் மூடி வச்சிருந்தேன். எனக்கு நேர்ச்சைகூட இல்ல. வெறும் கூச்சம்."

இதை மட்டும் ராஜகனி விலாசம் சொல்வது மாதிரி சொல்லவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அந்த ஏழு மாதத்தின் மேல் அவளுக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

பிறகு அவள் பக்கம் திரும்பிக் கேட்டாள். "ஒரு புத்தகத்துக்குப் பதினெட்டு நாளு ஆச்சு. இன்னும் பத்துக்கு?"

எத்தனை மீட்டர் துணி என்று கண்ணால் பார்த்தே சொல்கிறவள் தங்கபுஷ்பம். இந்தக் கணக்கையும் உடனே போட்டுவிட்டாள். ஆறு மாதம்.

"நேந்துக்கிட்டதைப் பாதியில விட்டா குத்தம் இல்லையா டீச்சர்? பதினொண்ணுன்னு சொல்லிட்டேனே. அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?"

"அம்மன் காத்திருப்பாக்கா. அது காத்திருக்காது."

கீழே இயந்திரத்தை நிறுத்தியிருந்தார்கள். பறந்துகொண்டிருந்த துண்டுகள் எல்லாம் அங்கங்கே அமர்ந்துவிட்டன.

"கூட வாறியா தாயி?" என்றாள் தங்கபுஷ்பம். அந்த அறைக்கு வந்த நாள் முதல் அவள் ராஜகனியை அப்படிக் கூப்பிட்டதில்லை.

ராஜகனி கையிலிருந்த பசையைக் கழுவ எழுந்தாள்.