கழுநீர் வாளி

கன்றுக்குட்டி எத்தனை மடக்குச் சோப்புத் தண்ணீர் குடித்தால் செத்துப்போகும், உங்களுக்குத் தெரியுமா?

சர்வேயர் குழந்தைவேலுவுக்கும் தெரியாது. அதனால்தான் தொழுவத்தில் உட்கார்ந்து, கன்றின் மூக்குக்கு நேரே புறங்கையை வைத்து, மூச்சு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஓய்வு பெற்ற கையோடு மங்களேஸ்வரி அம்மாவின் மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குருவைவிடச் சீடருக்கு இருபது வயது கூடுதல்.

மடத்துக் காரைக் கழுவ ஒரு வாளித் தண்ணீரும் ஈரத்துணியும் போதும் என்று அம்மா முன்பே சொல்லியிருந்தார். சர்வேயருக்கு மனசு கேட்கவில்லை. நுரை பொங்கினால்தானே கழுவிய மாதிரி இருக்கும்? காலையில் குழாயைத் திறந்துவிட்டு, சோப்புத் தூளை அள்ளிப் போட்டு, மடத்து வாசலிலேயே கழுவித் தள்ளினார். கைக்குக் கிடைத்தது, அரிசி கழுவிய தண்ணீரை மாட்டுக்குச் சேர்த்து வைக்கும் வாளி. அடியில் மிச்சமிருந்த வெள்ளைச் சோப்புத் தண்ணீரோடு அதைத் தொழுவத்தில் பழைய இடத்திலேயே வைத்தும்விட்டார்.

கன்று கழுநீர் என்று நினைத்து வாயை வைத்தது.

"அம்மா, காலை வெட்டி இழுக்குது பாருங்க!"

"ஈ ஓட்டுது."

"கண்ணு சொருகுதே!"

"தூங்குது அய்யா. டாக்டருக்குச் சொல்லியாச்சு, வந்துகிட்டிருக்காரு."

"இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா தாய்ப்பசு மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"



டாக்டர் வருவதற்குள் கன்று எழுந்தது. தண்ணீராய் ஒருமுறை கழிந்தது. நேரே போய்த் தாய்மடியை முட்டியது. சர்வேயர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அம்மா வாளியைக் கையில் எடுத்தார்.

"கன்னு குடிச்சது ரெண்டு மடக்கு. மத்த தண்ணியெல்லாம் எங்க போச்சு?"

"வாசல்லதான்."

"வாசல்லேருந்து?"

ஊரையே சங்கிலி போட்டு அளந்தவர். எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்.

"வாய்க்கால்ல விழுந்து... ஊரணிக்கு."

"ஊர் மாடெல்லாம் அங்க தண்ணிக்கு வர்ற நேரம்தானே இது?"

துண்டு மடியில் விழுந்தது.

"ஒரு நடை போயிட்டு வாங்க அய்யா," என்றார் அம்மா. "ஒவ்வொண்ணா பாத்து, அதுங்களுக்கும் இதே அளவு பயந்துட்டு வாங்க."