அரை நிமிடம் திறந்த ஷட்டர்

"மேடம், படத்துல இருக்கிற ஆட்களை எப்படி இல்லாம பண்றது?"

கேட்டவர் உலகநாதன். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, தன்னைவிட இளையவரான ரெஜினாவிடம் புகைப்படம் கற்றுக்கொள்கிறவர். இதில் குருவுக்குக் கூச்சமில்லை. சிஷ்யருக்குக் கொஞ்சம் இருந்தது.

"யாரை?"

"அந்தப் பறைக் குழுவை."

புதுப்பித்த கலைமன்றம் அது. உள்ளே ஆட்கள் புழங்கும்போது ஒரு படம் வேண்டும், வாசலில் பெரிதாக மாட்ட. முற்றத்தில் ஒரு பக்கம் வீணை வகுப்பு, ஒரு பக்கம் பரதப் பிள்ளைகள். நடுவில், வைக்கோல் கொளுத்திப் பறை காய்ச்சி முடித்த பெண்கள் சுற்றிச் சுற்றி ஆடியபடி அடிக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"செயலாளர் என்ன சொன்னார்?"

"மத்தவங்க இருக்கட்டும், இவங்க வேண்டாமாம். படத்துலயே இல்லைன்னா, அடுத்த மாசம் இடமும் இல்லைன்னு சொல்லிடலாமாம். சிரிச்சுக்கிட்டே சொல்றார்."

கதை சொல்கிறவன் எந்தப் பக்கமும் சாயக்கூடாது என்பார்கள். எனக்கு அந்தச் செயலாளரைப் பிடிக்கவில்லை.

"சொல்லிக் கொடுத்திருக்கேனே சார்," என்றார் ரெஜினா. "கேமராவை ஸ்டாண்டில் வைங்க. வெளிச்சத்தைக் குறைக்க லென்ஸுக்கு முன்னால கறுப்புக் கண்ணாடி. அரை நிமிஷம் ஷட்டரைத் திறந்து வைங்க. அசையறவங்க படத்துல விழமாட்டாங்க."

குரு இவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டது உலகநாதனுக்கு என்னவோ போலிருந்தது.

செயலாளருக்கோ ஒரே சந்தோஷம். வீணைக்காரர்களையும் பரதப் பிள்ளைகளையும் அசையாமல் இருக்கச் சொன்னார். "அதுங்க பாட்டுக்கு அடிச்சுக்கிட்டிருக்கட்டும்," என்றார்.

ரெஜினா முற்றத்துக்குப் போய், குழுத் தலைவி அஞ்சலையிடம் ஏதோ பேசிவிட்டு வந்தார்.

"என்ன சொன்னீங்க மேடம்?"

"எப்படிப் படம் எடுக்கிறோம்னு கேட்டாங்க. சொன்னேன். நீங்க எடுங்க."

உலகநாதன் ஷட்டரைத் திறந்தார்.

பறைச் சத்தம் நின்றது.

அத்தனை பெண்களும் தோளில் பறையோடு, கேமராவைப் பார்த்தபடி அப்படியே நின்றார்கள். ஒருத்தியும் கண்கூடக் கொட்டவில்லை.

"ஏன் நிறுத்திட்டீங்க? அடிங்க, அடிங்க," என்று செயலாளர் கையை வீசிக்கொண்டு ஓடினார். இத்தனை வருஷத்தில் அவர்களை அவர் அடிக்கச் சொன்னது அன்றுதான்.

"படம் முடியட்டும் ஐயா," என்றாள் அஞ்சலை, உதடு அசையாமல்.

ஷட்டர் மூடியது.

செயலாளர் மூச்சு வாங்க வந்து கேமராத் திரையைப் பார்த்தார். வீணை இருந்தது. பரதப் பிள்ளைகள் இருந்தார்கள். நடுவில் பறையோடு பெண்கள் இருந்தார்கள். குறுக்கும் நெடுக்கும் ஓடிய அவரை மட்டும் காணோம்.

"அழிங்க இதை. மறுபடி எடுங்க."

உலகநாதன் குருவைப் பார்த்தார். பிறகு முற்றத்தைப் பார்த்தார். அவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள்.

"எத்தனை தடவை வேணும்னாலும் எடுக்கிறேன் சார்," என்றார் உலகநாதன். "அவங்க நகர்றதா இல்லை."