உறைக்குள் இருக்கும் விவரம்

ஊருக்கு வெளியே ஒரு மூளை ஆய்வு மையம். அங்கே ஆய்வு நெறியாளராக இருந்தவர் டாக்டர் ஹசீனா. வயது முப்பத்தொன்பது. அவரிடம் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருந்த திருமேனிக்கு நாற்பத்தெட்டு. ஜெர்மனியில் மருந்துக் கம்பெனி வேலையை விட்டுவிட்டு வந்து, தன்னைவிட இளையவரிடம் மாணவராகச் சேர்ந்தவர். அதில் அவருக்குக் கூச்சம் இல்லை. அவசரம்தான் இருந்தது.

நடுமூளையில் கருநிறச் செல்கள் உண்டு. பார்க்கின்சன் நோய் வந்தவர்களுக்கு அவை சாகச் சாகக் கை நடுங்கும், நடை தளரும். நடுக்கம் வெளியே தெரிவதற்கு முன்பே எத்தனை செல்கள் போய்விடுகின்றன என்பது திருமேனியின் கேள்வி. தானமாக வந்த மூளைகளை மெல்லிய சீவல்களாக்கி, கண்ணாடியில் ஒட்டி, சாயமேற்றி, மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்து எண்ண வேண்டும்.

அந்த ஆய்வகத்தில் ஒரு வழக்கம். எது நோயாளியின் மூளை, எது நோயில்லாதவரின் மூளை என்று எண்ணுகிறவருக்குத் தெரியக்கூடாது. கண்ணாடியில் வெறும் எண் மட்டும் இருக்கும். விவரம், ஒட்டிய உறைக்குள் ஹசீனாவின் இழுப்பறையில் இருக்கும். ஒவ்வொன்றையும் இரண்டு முறை எண்ண வேண்டும்.

ஒரு நாள் காலையில் திருமேனி ஹசீனாவின் மேசைமுன் வந்து நின்றார்.

“மேடம், என் உறையைக் கொடுங்க.”

“எதுக்கு?”

“ஆய்வேடு கொடுக்க மூணு வாரம்தான் இருக்கு. நாற்பது ஸ்லைடு மிச்சம். எது எதுன்னு தெரிஞ்சா ஒரு தடவை எண்ணினா போதும்.”

“தெரியாம எண்ணினா?”

“ரெண்டு மாசம் இழுக்கும். அவகாசம் கேட்டு நிக்கணும், இந்த வயசுல. நாலு வருஷமா இதையேதானே பாக்குறேன்? நோய் வந்த மூளையைப் பார்த்ததுமே சொல்லிடுவேன். நேத்து தோசையில இருந்த கருகின புள்ளியைக்கூட எண்ணிட்டேன். முப்பத்தாறு.”

“ரெண்டு தடவை எண்ணினீங்களா?”

“வீட்டுல விடலை.”

ஹசீனா சிரித்துக்கொண்டே உள்ளே போய் ஆறு கண்ணாடிகளைக் கொண்டுவந்தார். மூன்றில் ‘நோய்’ என்று எழுதி ஒட்டியிருந்தது. மூன்றில் ‘நலம்’.

“முதல்ல இதை எண்ணுங்க. அப்புறம் உறையைப் பத்திப் பேசலாம்.”

நன்றாகக் கறுத்த செல்லில் சிக்கல் இல்லை. மங்கிய செல்தான் படுத்தும். அதை உயிரோடு இருந்ததாகச் சேர்ப்பதா, செத்ததென்று விடுவதா? வழக்கமாக ஒவ்வொன்றுக்கும் திருமேனி அரை நிமிஷம் யோசிப்பார். அன்றைக்கு யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. தேநீர் வரும் நேரத்துக்குள் முடித்துவிட்டார்.

“பாருங்க மேடம். நோய்ல நூத்தி நாற்பதை ஒட்டி. நலத்துல இருநூறுக்கு மேல. ஒண்ணுகூடப் பிசகலை.”

“மங்கின செல்லை என்ன செஞ்சீங்க?”

“நோய்ல மங்கியிருந்தா செத்த செல். விட்டுட்டேன். நலத்துல மங்கியிருந்தா சாயம் சரியாப் பிடிக்கலை. சேத்துக்கிட்டேன்.”

ஹசீனா ஆறு கண்ணாடிகளிலும் இருந்த சீட்டுகளை ஒவ்வொன்றாக உரித்தார். அடியில் எண்கள் இருந்தன. முப்பத்தொன்று முதல் முப்பத்தாறு வரை, வரிசையாக.

“ஆறும் ஒரே மூளை. அடுத்தடுத்து வெட்டின சீவல்.”

திருமேனி உட்கார்ந்தார். தேநீரில் ஆடை படிந்தது.

“நோயா, நலமா மேடம்?”

“எனக்கு எப்படித் தெரியும்? உறையைப் பிரிக்கலையே.”

திருமேனி தன்னையே பார்த்துச் சிரிப்பதுபோல் சிரித்தார். எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

“அவகாசம் கேட்டுக் கடிதம் எழுதிக் கொண்டுவர்றேன். நாற்பதையும் ரெண்டு தடவை எண்ணிக் கொடுத்துடுவேன்.”

“கொண்டுவாங்க. கையெழுத்துப் போடுறேன்.”

வாசல்வரை போனவர் திரும்பினார்.

“நீங்க மாணவியா இருந்தப்ப இப்படி மாட்டியிருக்கீங்களா மேடம்?”

“அப்ப இல்லை. போன மாசம்.”

ஹசீனா இழுப்பறையைத் திறந்தார். திருமேனியின் உறைக்கு அடியில் இன்னொரு உறை இருந்தது. அதையும் ஒட்டித்தான் வைத்திருந்தார். எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

“இது நான் எண்ணுற ஸ்லைடுகளோடது. இனிமே உங்ககிட்ட இருக்கட்டும். நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீங்க.”