ஒளியைக் குறைத்த மூன்று மருந்துகள்

மூன்று மருந்துகள் தயாராக இருந்தன. ஒன்றுக்குத்தான் இடம் இருந்தது.

கொரோனா வைரஸ் தன் புரதங்களை ஒரே நீளச் சங்கிலியாகச் செய்துகொள்கிறது. அதைத் துண்டு போட அதனிடம் ஒரு நொதி உண்டு. கத்தரிக்கோல் என்று வைத்துக்கொள்வோம். அதன் வாயை அடைத்துவிட்டால் வைரஸ் பெருகாது. அடைபட்டதா என்று பார்க்க, வெட்டுப்பட்டால் ஒளிரும் ஓர் இழையை அந்த நொதியோடு கலந்து, மருந்தையும் விடுவார்கள். மருந்து வேலை செய்தால் ஒளி குறையும்.

ஆய்வுக்கூடத்தின் தலைவர் தில்லைநாயகம். எந்த மருந்தை விலங்குச் சோதனைக்கு அனுப்புவது என்று மாலைக்குள் அவர் சொல்லியாக வேண்டும். தவறானது போனால் இன்னொரு வாய்ப்பு கிடைக்காது.

அங்கே ஆய்வாளரான கோமளவல்லி செய்த மருந்து கடும் மஞ்சள். அதை விட்டதும் ஒளி முழுதாக அணைந்தது. முன்னமே வெட்டுப்பட்டு ஒளிர்ந்துகொண்டிருந்த இழையில் விட்டபோதும் அணைந்தது. இன்னொரு ஆய்வாளர் சேவியரின் மருந்து, முன்னமே ஒளிர்ந்த இழையின் ஒளியைத் தொடவில்லை. கத்தரிக்கோலை முழுதாக நிறுத்தியது. நம் உடம்புக்குத் தேவையான நொதிகளில் விட்டபோது அவற்றையும் நிறுத்தியது. மூன்றாவது மருந்து ஒளியைப் பாதிதான் குறைத்தது. மற்ற இரண்டு சோதனைகளிலும் அது எதையும் தொடவில்லை. அதைச் செய்தவர் தில்லைநாயகமேதான்.

காலையிலிருந்து அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை.

“என்ன சார், உங்க பிள்ளைக்கு நீங்களே மார்க் போடப் போறீங்களா?” என்றார் சேவியர்.

“பாதி மார்க்தான்யா வாங்கியிருக்கான்.”

“அப்போ பாஸாக்கிடலாம்,” என்றார் கோமளவல்லி. அவர் சிரிக்கவில்லை.

மற்றவர்கள் செய்தவை என்பதால்தான் அவற்றின் குறை தன் கண்ணில் படுகிறதோ? தில்லைநாயகம் எல்லாவற்றையும் மறுபடி செய்யச் சொன்னார். அதே முடிவுதான் வந்தது. சேவியருடையதை அனுப்பினால் யாரும் ஒரு வார்த்தை சொல்லமாட்டார்கள். தன்னுடையதை அனுப்பினால் நாளை இவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது?

மாலையில், “மூன்றாவது போகட்டும்,” என்றார்.

தில்லைநாயகம் செய்தது சரியா? அவர் நாற்காலியில் நீங்கள் இருந்தால் எதை அனுப்பியிருப்பீர்கள்?

விடை: மூன்றாவதைத்தான். மஞ்சள் மருந்து கத்தரிக்கோலை நிறுத்தியதற்குச் சான்றே இல்லை. வெட்டி முடிந்த இழையின் ஒளியையும் அது அணைத்ததே; அதன் நிறம்தான் ஒளிக்குத் திரை போட்டது. சேவியரின் மருந்துக்கு வைரஸும் ஒன்றுதான், நோயாளியும் ஒன்றுதான். மூன்றாவது பலவீனமானது, ஆனால் சரியான வாயை மட்டும் அடைக்கிறது. பலத்தைப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கூச்சப்பட்டு வேறொன்றை அனுப்பியிருந்தால், அப்போதும் அவர் நினைத்தது தன்னைப் பற்றித்தான், நோயாளியைப் பற்றி அல்ல.