சந்தனம் வைத்த ப்ளக்

"ஐயா, என் மகளுக்குக் காதே இல்லை," என்றான் தணிகாசலம்.

குரு குழந்தையைப் பார்த்தார்.

"இருக்கே. ரெண்டுலயும் தோடு தொங்குது."

"சொன்ன பேச்சு கேட்க மாட்டேங்கிறா ஐயா. ப்ளக் பக்கம் போகாதேன்னு தொண்டை வறளக் கத்திட்டேன். முதுகுல ரெண்டு வெச்சும் பார்த்தாச்சு."

"அப்பன் யார் பேச்சைக் கேட்டாரு, இவ கேக்க?" அடுப்படியிலிருந்து அவன் மனைவி கோமதியின் குரல் வந்தது.

அன்று விஜயதசமி. மூன்று வயது குயிலியின் விரலைப் பிடித்து, அரிசியில் முதல் எழுத்து எழுத வைக்கத்தான் மடத்திலிருந்து குருவை அழைத்து வந்திருந்தான். தாம்பாளத்தில் அரிசி பரப்பித் தயாராக இருந்தது.

முதல் நாள் ஆயுத பூஜை. தணிகாசலம் எதையும் விட்டுவைக்கவில்லை. பைக், தையல் மெஷின், ஃபிரிட்ஜ், கிரைண்டர். அப்புறம் சுவிட்ச் போர்டுகள், ப்ளக்குகள். எல்லாவற்றையும் ஈரத்துணியால் துடைத்துச் சந்தனமும் குங்குமமும் வைத்தான். கிண்ணத்தை ஏந்திக்கொண்டு குயிலி பின்னாலேயே வந்தாள்.

குரு வீட்டைச் சுற்றி வந்தார். கிரைண்டரைச் செருகும் ப்ளக் சுவரில், தரையை ஒட்டி இருந்தது. அதற்கு முன்னால் குனிந்தார். குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

பிறகு விடுவிடுவென்று வாசலுக்குப் போனார்.

ஃபேன் நின்றது.

"நல்ல நாளும் அதுவுமா கரண்ட் போச்சு பாரு," என்று தணிகாசலம் விசிறியைத் தேடினான்.

குரு வந்து தாம்பாளத்தின் முன்னால் உட்கார்ந்தார். வலது கை மூடியிருந்தது.

"எழுத வைக்கலாமா ஐயா?"

"பொறு. அவளுக்கு ஏதோ வேலை இருக்கு."

குயிலி சந்தனக் கிண்ணத்தை எடுத்துவந்தாள். சொம்புத் தண்ணீரைக் கொட்டிக் குழைத்தாள். கிரைண்டர் ப்ளக்குக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்தாள்.

"சாமிக்குக் கண்ணு," என்றாள். ஒரு பொட்டு வைத்தாள்.

"சாமிக்கு வாய்," என்றாள். ஈர விரலைத் துளைக்குள் விட்டாள்.

கரண்ட் இல்லை என்பதே தணிகாசலத்துக்கு மறந்துபோனது. எழுந்த வேகத்தில் வேட்டி தடுக்கி விழுந்தான்.

குயிலி விரலை எடுத்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஒன்றும் ஆகவில்லை.

அவன் தவழ்ந்தே போனான். பிள்ளையை வாரி இழுத்தான். விரலைப் பார்த்தான். உள்ளங்கையைப் பார்த்தான். திரும்பவும் விரலைப் பார்த்தான்.

அப்புறம்தான் ப்ளக்கைப் பார்த்தான். மேலே அவன் நேற்று வைத்த பெரிய பொட்டு. அதற்குக் கீழே சின்னச் சின்னதாக, கோணல்மாணலாக, காய்ந்துபோன பொட்டுகள். அவையும் நேற்றையவை. ஒன்று துளையின் விளிம்பு வரை போய் நின்றிருந்தது.

நேற்று கரண்ட் இருந்தது.

"இன்னிக்கும் இருந்திருந்தா..." என்றான்.

குரு கையை விரித்தார். உள்ளே ஃபியூஸ் கட்டை.

தணிகாசலம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். திடீரென்று மகள் பக்கம் திரும்பிக் கையை ஓங்கினான்.

"தொடாதேன்னு சொன்னேனா இல்லையா?"

குயிலிக்கு எதுவும் புரியவில்லை.

"நீ வெச்சியேப்பா," என்றாள்.

ஓங்கிய கை அங்கேயே நின்றது.

அடுப்படி வாசலில் கோமதி கரண்டியோடு நின்றாள். குழந்தை சந்தனத்தைப் பாவாடையில் துடைத்துவிட்டு, எழுதுவதற்காகத் தாம்பாளத்துக்கு ஓடினாள்.

குரு அவளைத் தூக்கி மடியில் உட்கார வைத்துக்கொண்டார். தாம்பாளத்தைத் தணிகாசலத்தின் பக்கம் திருப்பினார்.

"வா," என்றார். "விரலை நீட்டு."