கதவு திறக்காத கோழிக்கூடு

தகரத் தட்டின் விளிம்பில் அகப்பைக் காம்பு தட்டும் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. டொக், டொக், டொக். பின்னாலேயே, "பா... பா... பா..." என்று நீண்டு கரையும் ஒரு குரல். பொழுது சாய்ந்தால் எதிர்வீட்டு ஆவுடைத்தங்கம் அப்படித்தான் கோழிகளைக் கூப்பிடுவாள். நொய்யரிசிக்குக் கோழிகள் ஓடிவரும். கோழிகளுக்குப் பின்னால் அவளுடைய தம்பிகள் மூவரும் ஓடிவருவார்கள். அவர்களுக்கும் சாப்பாட்டு மணி அதுதான்.

தம்பிகள் என்றால் சின்னப்பிள்ளைகள் இல்லை. மூத்தவன் சிவனணைஞ்சானுக்கு மீசை நரைத்துவிட்டது. நடுவுள்ள கொம்பையாவுக்கு நரைக்க முடியவில்லை, வழுக்கை. கடைசியில் பிறந்தவன் ஐகோர்ட்துரை. எந்தப் பேச்சுக்கும் தீர்ப்புச் சொல்வது அவன்தான்.

ஒருநாள் ஆவுடைத்தங்கம் பக்கத்து ஊருக்குத் துக்கம் கேட்கப் புறப்பட்டாள். அவளுடைய கொண்டைச் சேவலைக் காட்டுப்பூனை தூக்கிக்கொண்டுபோன சமயம் அது. மிச்சமிருந்த கோழிகளை நினைத்துக் கவலை. வாசலில் நின்று சொன்னாள்:

"ஏல, கேளுங்க. கூட்டுக் கதவு மூடியே கிடக்கணும். நான் வார வரைக்கும் ஒருத்தனும் திறக்கக் கூடாது. பொழுது அடையும்போது ஒரு கோழி குறைஞ்சாலும் இந்த வீட்டுல உலை ஏறாது, பார்த்துக்கிடுங்க."

உலை என்ற சொல் மூவருக்கும் வயிற்றில் போய் விழுந்தது.

அவள் தெருமுனை திரும்பியதும் மூவரும் கூட்டின் முன்னால் உட்கார்ந்தார்கள். அது பழைய கன்றுக்குட்டிக் கொட்டில். இடுப்புயர மண்சுவர், மேலே பனையோலை, முன்னால் ஒரு சின்ன மரக்கதவு.

"மூடித்தான் இருக்கு," என்றான் சிவனணைஞ்சான்.

"வெளிய இருந்து பார்த்தா மூடித்தான் இருக்கும்," என்றான் கொம்பையா. "உள்ள இருந்து பார்த்தா எப்படி இருக்கோ, யாரு கண்டா?"

நியாயமாகத்தான் பட்டது. உள்ளே இருந்து பார்ப்பதற்காகக் கொம்பையாவே கதவைத் திறந்தான். அவன் தலை உள்ளே போனது. கோழிகள் எல்லாம் அவன் கால் இடுக்கு வழியாக வெளியே போயின.

ஐகோர்ட்துரை பதறவில்லை. முதல் வேலையாகக் கதவை இறுக்கிச் சாத்திக் கொண்டி போட்டான். "கோழி போனாப் போவுது. அக்கா பேச்சு போகக் கூடாது," என்றான்.

பிறகு துரத்தினார்கள். வைக்கோல்போரைச் சுற்றினார்கள், கிணற்றைச் சுற்றினார்கள், ஒருவரை ஒருவர் சுற்றினார்கள். கடைசியில் செவலைக் கோழி அலுத்துப்போய் நின்றது. கொம்பையா அதைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

"கதவைத் தொறல."

"திறக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கா."

"அப்ப இதை எப்படி உள்ள விட?"

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். செவலையும் யோசிப்பதுபோலத் தலையைச் சாய்த்துக்கொண்டிருந்தது.

"கூரையைப் பத்தி அக்கா ஒண்ணும் சொல்லலையே," என்று ஐகோர்ட்துரை தீர்ப்புச் சொன்னான்.

கூரையைப் பிரிக்க எல்லாருடைய கையும் வேண்டியிருந்தது. அதனால் கொம்பையா செவலையைத் தரையில் இறக்கிவிட்டு, "இங்ஙனயே நில்லு, இந்தா வந்துருதோம்," என்று பணிவாகச் சொன்னான். கூரை இறங்கியது. செவலையைக் காணோம்.

"நல்ல குடும்பத்துக் கோழி இப்படிச் செய்யுமா?" என்று அவனுக்கு மனசு கசந்தது.

அந்நேரம் மீன்கூடையோடு வந்த சந்தனமாரி நின்று பார்த்தாள். "இதுக்கா இப்படி நாக்குத் தள்ளுது உங்களுக்கு? முன்னால ஒண்ணு உள்ள போனா மத்ததெல்லாம் பின்னாலயே போயிரும்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

முன்னால் போகிற அந்த ஒன்று கோழியாகத்தான் இருக்க வேண்டும் என்று அவள் சொல்லவில்லை. வயதில் மூத்தவன் என்பதால் சிவனணைஞ்சான் வேட்டியை மடித்துக் கட்டி, சுவரேறி உள்ளே குதித்தான். உள்ளேயிருந்து கூப்பிட்டான்: "ஏல, எதுவும் வருதா?"

எட்டிப் பார்க்கக் கொம்பையா ஏறினான், விழுந்தான். அவனைத் தூக்கிவிட ஐகோர்ட்துரை குதித்தான்.

"பார்த்தியா," என்றான் சிவனணைஞ்சான், வியந்துபோய். "மீன்காரி சொன்னது அப்படியே பலிச்சிட்டு. நான் வந்தேன், பின்னாலயே ரெண்டு வந்துட்டு."

மிச்சமும் வரட்டும் என்று குந்தியிருந்தார்கள். வெயில் இறங்கி, பனைகளின் நிழல் முற்றத்தில் நீண்டது. கோழிகள் வழக்கம்போல் தாமாகவே வீடு திரும்பின. கூட்டைச் சுற்றி வந்து பார்த்தன. இடமில்லை. வீட்டுக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது. அதைப் பற்றி அக்கா ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. ஒவ்வொன்றாக உள்ளே போயின.

ஆவுடைத்தங்கம் திரும்பி வந்தபோது கூரையில்லாத கூட்டுக்கு மேலே மூன்று தலைகள் தெரிந்தன.

"எங்கல என் கோழி?"

"வந்துரும்க்கா. நாங்க முன்னால வந்துட்டோம்."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். காட்டுப்பூனைக்கே வாரிக் கொடுத்துவிட்டோம் என்று அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அப்போது வீட்டுக்குள்ளிருந்து ஒரு தூக்கக் கொக்கரிப்பு. விளக்கை ஏற்றிப் பார்த்தாள். கட்டில்களின் சட்டத்தில் வரிசையாகக் கோழிகள். சிவனணைஞ்சானின் தலையணையில் செவலை. ஒன்றுகூடக் குறையவில்லை.

சொன்ன சொல்லுக்கு உலை வைத்துத்தான் ஆக வேண்டும். வைத்தாள். வடித்தாள். தட்டைத் தட்டினாள். டொக், டொக், டொக்.

தலைகள் ஆவலாக நிமிர்ந்தன. யாரும் வரவில்லை.

"வந்து தின்னுத் தொலைங்கல. நான்தான் வந்துட்டேனே," என்று கொண்டியில் கை வைத்தாள்.

"யக்கா, திறந்துராத!" என்று ஐகோர்ட்துரை அலறினான். "பொழுது அடைஞ்சிட்டு. காட்டுப்பூனை வந்து எங்களைத் தூக்கிட்டுப் போயிரும்!"

அவள் கொண்டியிலிருந்து கையை எடுத்தாள். பிறகு மூன்று தட்டுகளையும் சுவருக்கு மேலாக நீட்டினாள். பிரித்த ஓலையை எடுத்து, பனி விழாமல் அவர்கள் தலைக்கு மேலே போட்டு மூடினாள்.

செவலைக்குத் தலையணை பழகிவிட்டது. சிவனணைஞ்சான் சாகும்வரை தரையில்தான் படுத்தான்.