நடந்து சேர்ந்த வாத்துகள்

"இன்னும் வீரியமான மருந்தா ஒண்ணு கொடுங்கம்மா" என்றார் கன்னியப்பன்.

அறுவடை முடிந்த வயல்களில் வாத்து மேய்த்தே நரைத்த மனிதர். எண்ணூறு வாத்துகளில் முந்நூறு கழுத்து துவண்டு, பச்சையாகக் கழிந்து செத்துப்போயின. புதைத்துப் புதைத்து அவருக்குக் கை ஓய்ந்துவிட்டது. மிச்சமிருப்பவையும் போனால் பிழைக்க வேறு வழியில்லை.

கால்நடை மருத்துவர் ரெஜினாவுக்கு அவர் மகள் வயது. ரெஜினாவும் அலுத்துத்தான் இருந்தார். செத்த வாத்தின் ஈரலைச் சோதனைக்கு அனுப்பி, அன்று காலைதான் முடிவு வந்திருந்தது. ஈரலில் இருந்த கிருமியின் மேல் ஆறு மருந்துகளை வைத்துப் பார்த்திருக்கிறார்கள். எதற்கும் அது சாகவில்லை.

இதுவரை என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார்.

கன்னியப்பன் மடியிலிருந்து ஒரு மருந்துப் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். தினமும் காலையில் குடிதண்ணீரில் கொஞ்சம் கலப்பாராம். நோய் வந்த பிறகு அல்ல. வராமல் இருக்கட்டும் என்று, இரண்டு வருஷமாக.

ரெஜினா திட்டவில்லை. திட்டியிருந்தால்கூடத் தேவலை.

"குஞ்சு பொரிக்க எந்த வாத்தோட முட்டையை எடுப்பீங்க?"

வீடு பற்றி எரியும்போது பீடிக்கு நெருப்பு கேட்கிறாளே என்று அவருக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் தொழிலைப் பற்றிக் கேட்டால் வாய் சும்மா இருக்குமா? செய்யாற்றிலிருந்து நெல்லூர்ப் பக்கம் வரைக்கும் நடத்தியே ஓட்டிப்போவேன் என்றார். சோதாவெல்லாம் வழியிலேயே விழுந்துவிடும். நடந்து சேர்ந்த வாத்துகளின் முட்டையைத்தான் அடைக்கு வைப்பேன் என்றார்.

"ஏன் அப்படி?"

"அதோட குஞ்சு எதையும் தாங்கும்மா. வெயிலு, பட்டினி, எதுக்கும் சாவாது."

சொல்லும்போது, அவ்வளவு களைப்பிலும், முகத்தில் கொஞ்சம் பெருமை தெரிந்தது.

ரெஜினா பொட்டலத்தை மெல்ல அவர் பக்கம் நகர்த்தினார்.

"இதைத் தெனமும் போட்டீங்க. தாங்காத கிருமியெல்லாம் செத்திருக்கும்."

"ஆமாம்மா."

"தாங்கினது?"

கன்னியப்பன் பொட்டலத்தைக் கையில் எடுத்தார்.

வெளியே கூடையில் அவர் கொண்டுவந்திருந்த வாத்து ஈனசுரத்தில் ஒருமுறை கத்தியது.

"ரெண்டு வருஷமா" என்றார், பொட்டலத்தைப் பார்த்தபடியே. "அதையும் நல்லா பொறுக்கித்தான் வளத்திருக்கேன்."